ரிம் வளருமா அக்கா?

என் அக்கா தைத்த சட்டையை இரண்டு பேர் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. இரண்டாவது ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும்.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, சுவர் நெடுகத் துணிச்சுருள்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை உருவி, மார்பைச் சுற்றிப் பிடித்து, "மூச்ச இழுக்காத" என்று ஒரு அதட்டல் போடுவாள். நாடா என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொள்வாளே தவிர மதிக்க மாட்டாள். சாக்கட்டி துணியில் ஓடும்போது அந்த அளவுக்கு மேல் ஒரு கை அகலம் கூடியிருக்கும். பெற்றவர்கள் யாராவது வாயைத் திறந்தால், "வளர்ற பிள்ளை" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் தொளதொளா டெய்லர். பெயர் அவளுக்கும் தெரியும். "பேரு வெச்ச பய போட்ட கால்சட்டையை அவன் தம்பியும் போட்டான், அத யாராவது சொல்றாங்களா?" என்று கேட்பாளே தவிர, வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அத்தான் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். அவர் சட்டையைப் பார்த்துவிட்டு, இஞ்சின் நின்றுபோனாலும் இதைப் பாயாக விரித்துக் கட்டிக் கரை சேர்ந்துவிடலாம் என்று கப்பல்காரர்கள் சொல்வார்களாம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் தங்கை. அக்கா எந்தப் பள்ளிக்குச் சீருடை தைக்கிறாளோ அதே பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன், தலையில் பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. இன்றைக்கும் என் சட்டைகளை அவள்தான் தைக்கிறாள். கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டால்தான் என் விரல்கள் வெளியே தெரியும். மறந்துபோய் மடிக்காமல் விட்டால் தேநீர்க் கோப்பையில் முதலில் சட்டை குடிக்கும், அப்புறம்தான் நான்.

அம்மா போனபோது நான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கவில்லை. என் முதல் சீருடைதான் அக்கா தைத்த முதல் துணி. அடுத்த துணி எப்போது கிடைக்கும் என்று தெரியாத வீட்டில் அவள் ஒரு அளவு கூட்டித் தைத்ததில் தப்பே சொல்ல முடியாது. கஷ்டகாலம் போய்விட்டது. கூட்டின அளவை மட்டும் அவள் குறைக்கவே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியை வந்தார். நல்ல மனுஷி. ஆனால் எதுவும் நேராக இருக்க வேண்டும் அவருக்கு. வந்த முதல் வாரமே காலைக் கூட்டத்தில் வரிசை வரிசையாக நடந்து, பிள்ளைகளின் சட்டைக் கையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அப்புறம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"டெய்லர் உங்க அக்காதானே?"

"ஆமா மேடம்."

"சட்டைக்குள்ள பிள்ளை இருக்கா, இல்ல சட்டையே தனியா நடந்து வருதான்னு கிட்ட போய்ப் பார்த்தாதான் தெரியுது." என் மடித்த கைகளை ஒரு பார்வை பார்த்தார். "இந்த வருஷம் முதல்ல சாம்பிள் பார்க்கணும். மூணு பிள்ளைங்களுக்குத் தைச்சுக் கொண்டுவரச் சொல்லுங்க. பொருந்தினா ஆர்டர் அவங்களுக்கே. இல்லேன்னா ரெடிமேட்காரங்கள கூப்பிட்டுடுவேன். தப்பா நினைக்காதீங்க."

நான் என்ன நினைப்பது? பள்ளி ஆர்டர்தான் அக்காவின் ஆண்டு முழுமைக்குமான பிழைப்பு. அது போனால் மிச்சம் இருப்பது அறுந்த ஜிப்பும் பிரிந்த ஓரமும்தான். அந்த இரண்டு மெஷினில் ஒன்றைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா மெஷினை நிறுத்தவே இல்லை.

"இன்னிக்குப் பொருந்தினா அடுத்த மாசம் இறுக்கும். அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"அக்கா, விளையாடாத. ஆர்டர் போயிடும்."

"போகாது. தையலைப் பார்த்தா மயங்கிடுவாங்க" என்றாள்.

அதே வாரத்தில்தான் அவளுடைய கார் டயர்களும் கைவிரித்தன. அக்காவின் கார் சின்னது, நீல நிறம், வேறு கை மாறி வந்தது. பின்சீட்டை மடித்துத் துணிமூட்டை ஏற்றத்தான் வாங்கினாள். சக்கரங்கள் மட்டும் வண்டியோடு வந்த அசல் சக்கரங்கள். வெட்டி மிஞ்சிய துணியால் வாரா வாரம் டயர் மாட்டும் அந்த உலோக ரிம்களைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள். டயரோ வழுக்கை விழுந்து கிடந்தது. சீருடைக் காலத்தில் துணி ஆலைக்கும் வீட்டுக்கும் ஓட வேண்டிய வண்டி, மழை வேறு தொடங்கப்போகிறது. நாலையும் மாற்றியே ஆக வேண்டும்.

டயர்க்கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமானவர். சின்ன வயதில் அக்கா தைத்த சீருடை போட்டவர். இப்போது நல்ல தொப்பை. அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார்.

"பழைய டயர்ல இருக்கற நம்பர நம்பக் கூடாதுக்கா. முன்னாடி வெச்சிருந்தவங்க எதையாவது மாட்டியிருப்பாங்க. இந்த சீட்டுல இருக்கறதுதான் இந்த ரிம்முக்கு அளவு."

அக்கா கண்ணாடியை மேலே தள்ளிக் குனிந்து படித்தாள். 165/65 R14. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் அளவு எழுதற மாதிரியே எழுதியிருக்கான்! முதல்ல இருக்கறது அகலம், சரியா?"

"சரி. மில்லிமீட்டர்ல."

"கடைசில பதினாலு?"

"ரிம்மோட குறுக்களவு. இஞ்ச்."

"நடுவுல அறுபத்தஞ்சு உயரம். அவ்வளவுதானே, மார்பு, நீளம், இடுப்பு!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "சரி, ஒரு அளவு கூட்டிப் போடு."

டயர்க்கடைக்காரர் விழித்தார். "எதுக்குக்கா?"

"மூட்டை ஏத்தறேன்ல. இன்னும் ஏத்துவேன். அகலத்துல இருபது கூட்டு, நூத்தி எண்பத்தஞ்சு. உயரத்தைத் தொடாத, அது அறுபத்தஞ்சாவே இருக்கட்டும். உயரம் கூடினா இடிக்கும்னு எனக்கும் தெரியும்."

"அக்கா, அந்த அறுபத்தஞ்சு நீங்க நினைக்கற மாதிரி..."

"துணிக்கு நீ எனக்குச் சொல்லுவியா?"

"துணி இல்லக்கா, டயர்."

"அளவுன்னா அளவுதான்டா. மார்பக் கூட்டினா நீளம் தானா கூடுமா?"

"நான் போட மாட்டேன்" என்றார் அவர் ஒரேயடியாக. அக்கா கதவைச் சாத்திய வேகத்தில் அந்தச் சீட்டே உதிர்ந்திருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை உண்டு. வண்டியைப் பார்க்காமல் கேட்டதைக் கேட்ட கையோடு மாட்டிவிடுவார்கள். மாலைக்குள் வண்டி புது டயரோடு வாசலில் நின்றது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எப்படி நிக்குது பார்!"

"அப்பா செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பின பிள்ளை மாதிரி நிக்குது."

"உனக்குப் பொறாமை" என்று உள்ளே போய்விட்டாள்.

நேர்ச்சாலையில் சத்தமில்லாமல்தான் ஓடியது. பொல்லாத நேரம், பள்ளியில் சாம்பிள் காட்டும் நாளன்றைக்குத்தான் வந்தது. மூன்று சீருடைகளை இஸ்திரி போட்டு என் மடியில் வைத்தாள். பின்னால் துணிமூட்டை கூரை வரை. பள்ளி வாசலோ குறுகல். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் விளக்குக் கம்பம். நடுவே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் வண்டி உள்ளே நுழையும். அக்கா ஒடித்தாள்.

கர்ர்ர்ர்ர்.

விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடியும் ஒடித்தாள். இந்த முறை சத்தம் இன்னும் கூடியது. ரப்பர் கருகும் நாற்றமும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? ஓடி வந்து சுற்றி நின்று, அந்தச் சத்தத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். படியில் நின்றிருந்த தலைமையாசிரியை இறங்கி வந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"டயரும் ஒரு அளவு கூடவா?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. தொளதொளா என்று ஊரே சொன்னபோது கலங்காதவள், ஒரு காரின் சத்தத்துக்குக் காது வரை சிவந்துபோயிருந்தாள்.

உள்ளே போன பிறகு நடந்ததை நீட்டி முழக்க வேண்டாம். மூன்று பிள்ளைகளும் சீருடை போட்டு வந்து நின்றார்கள். நடுவில் நின்ற சிறுமியைக் கையைத் தூக்கச் சொன்னார் தலைமையாசிரியை. சட்டைக் கை தூக்கியது. உள்ளே கை எங்கே இருக்கிறது என்று அவளே தேடிக்கொண்டிருந்தாள்.

"தையலை நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். பிரமாதம்" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "அளவுதான்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அக்கா சரி என்று தலையாட்டினாள். மூன்று சீருடைகளையும் மடித்து எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்ப்பக்கம் வரை போய் அகலமாக வளைத்து, நேராக டயர்க்கடைக்குத்தான் வந்தாள். எத்தனை பேர் ஹாரன் அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். டயர்க்கடைக்காரர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை ஒடித்து, மட்கார்டின் உள்பக்கம் தேய்ந்து வெளுத்த இடத்தைக் காட்டினார்.

"உயரத்தக் கூட்டலையேடா நான்" என்றாள் அக்கா. குரலில் நிஜமான குழப்பம்.

"அறுபத்தஞ்சு மில்லிமீட்டர் இல்லக்கா. நூத்துக்கு அறுபத்தஞ்சு. டயரோட அகலத்துல நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு எவ்வளவோ, அதுதான் பக்கச்சுவர் உயரம். அகலத்த ஏத்தினா உயரமும் கூடவே ஏறும்."

அக்கா நாடாவைக் கழுத்திலிருந்து உருவி, கடையில் இருந்த சீட்டு அளவு டயரின் பக்கச்சுவரை அளந்தாள். பத்து சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. தன் வண்டியில் இருந்ததை அளந்தாள். பன்னிரண்டு. அப்படியே நின்றாள்.

"மேலயும் கூடியிருக்கு, கீழயும் கூடியிருக்கு."

"ஆமா. மொத்த சக்கரமே ரெண்டரை சென்டிமீட்டர் வளர்ந்துடுச்சு. மூட்டையில்லாம நேரா போனா தெரியாது. மூட்டையில வண்டி இறங்கி, நீங்க ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உரசும். இன்னொண்ணு, ஒரு சுத்துக்கு இது கூடுதல் தூரம் ஓடும். ஸ்பீடு முள் காட்டறத விட நீங்க கொஞ்சம் வேகமாத்தான் போயிருப்பீங்க."

"நானா? வேகமாவா?" அந்த நிலைமையிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"அகலம் கூட வேணும்னா, நடுவுல இருக்கற நம்பரக் குறைக்கணும். அப்பதான் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேயா நிக்கும். அதுக்கும் ரிம் இடங்கொடுக்கணும், உங்க ரிம் ஒல்லி. மூட்டைக்காகன்னா நீங்க பார்க்க வேண்டியது அகலமே இல்ல. அளவுக்குப் பக்கத்துல இன்னொரு நம்பர் இருக்கு பாருங்க, சுமை எண். அது சீட்டுல இருக்கறத விடக் குறையாம இருந்தா போதும். அப்புறம் மூட்டை ஏத்தற அன்னிக்குக் காத்து சரியா இருக்கணும்."

"நாளைக்கே இன்னும் கூட மூட்டை வந்தா?"

டயர்க்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "பிள்ளை வளரும். ரிம் வளருமா அக்கா?"

அக்கா அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் பெரிய டயர்களைக் கழற்றி ஓரமாக உருட்டினார். பொருந்துகிற வண்டிக்காரர் யாராவது வந்தால் தள்ளிவிட்டுத் தருவதாகச் சொன்னார். பிறகு சீட்டில் இருந்த அதே அளவில் புது டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்தார். டப்பென்று ஒரு சத்தம், மறுபடியும் ஒன்று. டயரின் விளிம்பு ரிம்மில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. அக்கா எழுந்து வந்து, டயரும் ரிம்மும் சேரும் இடத்தை விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். எங்கேயும் தொய்வு இல்லை, பிதுக்கம் இல்லை. நல்ல தையலைத் தடவுகிற மாதிரிதான் தடவினாள்.

"டேய், நான் தைச்ச கால்சட்டைய இடுப்புல எப்படி நிறுத்தி வெச்ச?" என்று திடீரென்று கேட்டாள்.

"சணல் கயிறு கட்டித்தான்."

"அப்புறம் பொருந்திச்சில்ல?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பொருந்தறதுக்குள்ள கிழிஞ்சே போச்சுக்கா."

முதலில் சிரித்தது அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்த நீரில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மூன்று சீருடைகளையும் பிரித்துப் போட்டாள். அந்தப் பிள்ளைகளை மறுபடியும் கூட்டிவரச் சொல்லி அளவெடுத்தாள். நாடா சொன்னதை முதல்முறையாக மதித்தாள். ஆனால் துணியை வெட்டிக் குறைக்கவில்லை. கூடுதலாக இருந்த அத்தனையையும் உள்ளே மடித்தாள். பாவாடை ஓரத்தில் இரட்டை மடிப்பு, பக்கத் தையலில் இரண்டு விரல், கையின் உள்ளே ஒரு சுற்று. அவற்றை நெருக்கமாகத் தைக்காமல் நீளத் தையலாக ஓட்டினாள்.

"இந்த நூல உருவினா ஒரு விரல் இறங்கும். அடுத்தத உருவினா இன்னொரு விரல். எந்த அம்மாவும் செய்யலாம், என்கிட்ட வரவே வேண்டாம்" என்றாள். இத்தனை வருடமாக இது ஏன் உன் மூளைக்கு எட்டவில்லை என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். கர்ர்ர் சத்தம் கேட்கத்தான். அக்கா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். வண்டி பூனை மாதிரி நுழைந்தது. கூட்டம் ஏமாந்து கலைந்தது.

நடுவில் நின்ற அதே சிறுமி கையைத் தூக்கினாள். இந்த முறை ஐந்து விரலும் தெரிந்தன. அவளே அவற்றை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். பாவாடை ஓரத்தைத் திருப்பி உள்ளே இருந்த மடிப்பைப் பார்த்தார்.

"இது?"

"வளர்றதுக்கு டீச்சர்" என்றாள் அக்கா. "இன்னிக்கு உள்ளது வெளிய இருக்கு. நாளைக்கு உள்ளது உள்ள இருக்கு."

தலைமையாசிரியை அந்த மடிப்பை விரலால் நீவினார். "தங்கச்சி, ஆர்டர டைப் பண்ணுங்க" என்றார் என்னிடம். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தட்டச்சில் எனக்கு இரண்டு பிழை வந்தது. பழியைச் சட்டைக் கையின் மேல் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மெஷின் இரண்டும் ஓய்வில்லாமல் ஓடின. அதன் நடுவே ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "நில்லு" என்றாள்.

நாடா என் மார்பைச் சுற்றியது. தோள், கை, மணிக்கட்டு. கடைசியாக என்னை எப்போது அளந்தாள் என்று எனக்கு நினைவே இல்லை. கண்ணால் பார்த்து ஒரு கை அகலம் கூட்டுவதுதான் அவள் வழக்கம்.

"மூச்ச இழுக்காத."

"இழுக்கல."

சாக்கட்டியால் எழுதிக்கொண்டாள். கூட்டவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு விரல்கூடக் கூட்டவில்லை. "நீ வளர்ந்து நின்னுட்டடி. அவன் சொன்ன ரிம் மாதிரி" என்றாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை அந்தச் சட்டை என் கட்டிலில் இருந்தது. இளஞ்சாம்பல் நிறம். போட்டேன். பொத்தான் போட்டேன். கண்ணாடியில் ஒரு பொம்பளை நின்றாள். அவளுக்குத் தோள் இருந்தது, இடுப்பு இருந்தது, சட்டைக் கை மணிக்கட்டில் வந்து சரியாக நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் எனக்குத் தைத்ததெல்லாம் அடுத்த வருடத்து எனக்குத்தான். இன்றைக்கு இருக்கிற எனக்கென்று அவள் தைத்தது இது ஒன்றுதான். இனிமேல் அவளுக்கு நான் வளர்கிற பிள்ளை இல்லை.

ஓரத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தது. இஸ்திரி போடலாம் என்று கழற்றித் திருப்பினேன். பக்கத் தையலின் உள்ளே, இரண்டு பக்கமும், இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து நீளத் தையல் ஓட்டியிருந்தது.

சட்டையைக் கையில் பிடித்தபடி முன்னறைக்கு ஓடினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் நின்னுட்டேன்னு சொன்ன! அப்புறம் எனக்கு எதுக்கு உள்ள இவ்வளவு துணி?"

அவள் தலையைத் தூக்கவில்லை. காலும் நிற்கவில்லை.

"வளர்ற பிள்ளை" என்றாள்.